பலமான குறுக்குக் காத்துல (க்ராஸ்விண்ட்) செஸ்னா 172 லேண்டிங்: புக்ல இருக்கற அந்த '15 நாட்' வேகத்தை எப்படி எடுத்துக்கறது?

கரூர்_சிறகு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டெக்ஸாஸ்ல சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) ட்ரெய்னிங்ல இருக்கேன், செஸ்னா 172எஸ், சோலோ முடிஞ்சு இப்ப க்ராஸ் கன்ட்ரி ஓடிட்டு இருக்கு. கேள்வி கொஞ்சம் பெருசு, பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

போன வாரம் எங்க ஃபீல்டுல ஒரு 172 லேண்ட் ஆகும்போது ரன்வேயை விட்டு இறங்கி புல்லுக்குள்ள போயி நோஸ் வீல் (முன் சக்கரம்) மடங்கி ப்ராப்பெல்லர் மண்ணுல குத்தி நின்னுச்சு. எங்க ஸ்கூல் விமானம் இல்ல, வெளிய இருந்து வந்த ப்ரைவேட் பைலட். உள்ள இருந்த ரெண்டு பேரும் நடந்தே வெளிய வந்துட்டாங்க. நான் அப்ப ராம்ப்ல ப்ரீஃப்ளைட் பண்ணிட்டு இருந்ததால முழுசா பாத்தேன். அப்ரோச் நல்லா தான் இருந்துச்சு, அதான் எனக்கு இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. க்ராப் புடிச்சு (மூக்கை காத்துப் பக்கம் திருப்பி வச்சு) வந்தாரு, கடைசில மூக்கை நேராக்கினாரு, வீல் தொட்டதும் சத்தம் கூட பெருசா இல்ல. தொட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு தான் வலது விங் மேல எழும்புச்சு, மூக்கு காத்து வர்ற பக்கம் வெடுக்குனு திரும்புச்சு, அப்புறம் என்ன பண்ணாலும் கேக்கல.

அன்னைக்கு ஏடிஸ்ல (ஏர்போர்ட் வானிலை ரெக்கார்டிங்) காத்து 210 டிகிரில இருந்து, 18 நாட், கஸ்ட் (திடீர் வீச்சு) 28. ரன்வே 17, அதாவது 170 டிகிரி. 40 டிகிரி வித்தியாசம், கணக்கு போட்டா 18க்கு பதினொன்றரை நாட் கிட்ட க்ராஸ்விண்ட் வருது, 28க்கு 18 வருது. விமானத்தோட ஹேண்ட்புக்ல மேக்ஸிமம் டெமான்ஸ்ட்ரேட்டட் (டெஸ்ட்ல சமாளிச்சுக் காட்டின அதிகபட்ச க்ராஸ்விண்ட்) 15 நாட்னு போட்டிருக்கு. இப்ப எதை எடுக்கறது? லாஞ்ச்ல கேட்டா ஒருத்தன் சராசரி காத்தை பாத்தா போதும்ங்கறான், இன்னொருத்தன் 15ங்கறது லிமிட்டே இல்ல, தைரியமா போலாம்ங்கறான். ஃபிளாப் (இறங்கும்போது விங் பின்னாடி இறக்கற தகடு) முழுசா போடணுமா கூடாதா, தொட்டதுக்கு அப்புறம் அய்லரானை (விமானத்தை சாய்க்கற விங் தகடு) என்ன பண்ணணும், இதெல்லாம் கிளாஸ்ல படிச்சது தான், ஆனா கண்ணால அந்த விமானம் போனதை பாத்ததுக்கு அப்புறம் நான் படிச்சதுல ஏதோ ஒரு இடம் காலியா இருக்கற மாதிரி இருக்கு. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

———

மீனாட்சி_சிஎஃப்ஐ எழுதியது:

தம்பி, நான் ஓக்லஹோமால இன்ஸ்ட்ரக்டர். மார்ச், ஏப்ரல் வந்தா எங்களுக்கும் உங்களுக்கும் ஒரே காத்து தான், தெக்குல இருந்து நாள் பூரா அடிக்கும், ஃப்ரண்ட் கடந்துச்சுன்னா சட்டுனு வடமேற்குக்கு மாறிடும். அதனால நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த 15. அது லிமிட் இல்லங்கறது சரி தான், ஹேண்ட்புக்லயே அப்படி தான் போட்டிருக்கு. இந்த மாதிரி விமானங்களை சர்டிஃபை பண்ணின பழைய ரூல் என்ன கேட்டுச்சுன்னா, லேண்டிங் நிலைமையில இருக்கற ஸ்டால் ஸ்பீடுல (அதுக்கு கீழ போனா விங்கால தூக்க முடியாத ஸ்பீடு) அஞ்சுல ஒரு பங்கு அளவு நேர் குறுக்குக் காத்தை இது பாதுகாப்பா சமாளிக்கும்னு காட்டு, அவ்ளோ தான். 172எஸ்க்கு அது 10 நாட் கிட்ட தான் வரும். செஸ்னா 15 வரைக்கும் காட்டிட்டாங்க. மத்த ட்ரெய்னிங் விமானங்கள்ல செஸ்னா 152க்கு 12, பைப்பர் வாரியருக்கு 17, டயமண்ட் டிஏ40க்கு 20. ஆனா லிமிட் இல்லன்னா 'அதுக்கு மேலயும் தாங்கும்'னு யாரும் உறுதி குடுக்கலப்பா. 15க்கு மேல என்ன ஆகும்னு உனக்கு யாரும் எழுதியே குடுக்கல. அதுவும் அந்த 15ஐ காட்டினது டெஸ்ட் பைலட். உன் நண்பன் இதை தைரியம்னு சொன்னா நீ அதை காதுல போட்டுக்காத.

சராசரியா கஸ்ட்டான்னு கேட்டா கஸ்ட் தான், சந்தேகமே வேண்டாம். இங்க ஆட்டோமேட்டிக் ஸ்டேஷன் சொல்ற காத்து 2 நிமிஷ சராசரி, கஸ்ட்டுங்கறது கடந்த 10 நிமிஷத்துல வந்த உச்சம். நீ ஃப்ளேர்ல (தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கற நேரம்) இருக்கற அந்த சில செகண்ட்ல உச்சம் வருமா பள்ளம் வருமான்னு எந்த மெஷினும் சொல்லாது. திசையும் அப்படியே நிக்காது, அதே 28 நாட் 230ல இருந்து வந்தா உன் க்ராஸ்விண்ட் 18 இல்ல, 24.

ஆனா நெறைய பேர் கஸ்ட்டை மட்டும் பாத்து பயப்படறாங்க, அது அடங்கற நேரத்தை யோசிக்கறதே இல்ல. உன் கணக்கையே எடு. காத்து 28ல இருந்து 18க்கு விழுந்தா எதிர்காத்து பங்கு 21ல இருந்து 14க்கு இறங்குது, அதாவது உன் ஏர்ஸ்பீடுல 7, 8 நாட் ஒரே நொடில காணாமப் போகும், அதுவும் தரையில இருந்து பத்தடி உயரத்துல, பவர் ஐடில்ல, ஒரு விங் தாழ்ந்திருக்கும்போது. அப்ப விமானம் பொத்துனு விழும், பவுன்ஸ் ஆகும், அடுத்த கஸ்ட் அந்த பவுன்ஸை மேல தூக்கும், மேல இருக்கற அந்த நேரத்துல ட்ரிஃப்ட் ஆகி ரன்வேக்கு சாய்வா வந்து உக்காரும். நெறைய விபத்து இப்படி தான். இதுக்குத்தான் கஸ்ட் வித்தியாசத்துல பாதியை அப்ரோச் ஸ்பீடுல சேக்கச் சொல்றோம், 18க்கும் 28க்கும் வித்தியாசம் 10, அதனால 5 நாட் கூட்டு. அதுக்கு மேல கூட்டாத. 65ல வர வேண்டியதுக்கு 75ல வந்தா தரையில நீ கரைக்க வேண்டிய எனர்ஜி மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி ஆயிடும், ஃப்ளோட் ஆகிட்டே போகும், பொறுமை போயி யோக்கை (கையில பிடிக்கற ஸ்டீரிங்) முன்னாடி தள்ளுவே, நோஸ் வீல் முதல்ல தொடும், அங்க இருந்து அது விமானம் இல்ல, தள்ளுவண்டி.

ஃபிளாப்புக்கு ஹேண்ட்புக்லயே பதில் இருக்கு, பலமான க்ராஸ்விண்ட்ல ரன்வே நீளத்துக்கு தேவைப்படற குறைந்தபட்ச ஃபிளாப் போதும்னு. 20 டிகிரிக்கு மேல போட்டு முழு ரட்டர் (காலால இயக்கற வால் தகடு) குடுத்து ஸ்லிப் பண்ணினா (ஒரு விங்கை சாய்ச்சு பறந்தா) எலிவேட்டர் கொஞ்சம் ஆடலாம்னும் எழுதியிருக்கு. நான் என் ஸ்டூடண்ட்ஸை 10லயோ 20லயோ நிறுத்தச் சொல்வேன்.

இப்ப நீ காலியா இருக்குன்னு சொன்ன இடம். அது டச்டவுனுக்கு அப்புறம் இருக்கற பத்து செகண்ட். மேல இருக்கும்போது 60 நாட்ல முன்னாடி போற உனக்கு 18 நாட் குறுக்குக் காத்து சின்னக் கோணத்துல தான் வந்து படும். தரையில உன் ஸ்பீடு 30 நாட் அளவுக்கு குறைஞ்சிடுச்சுன்னா அதே 18 நாட் ரொம்ப பெரிய கோணத்துல விங்கையும் வாலையும் அடிக்கும், அதே நேரம் ஸ்பீடு குறைஞ்சதால அய்லரான், ரட்டர் எல்லாத்துக்கும் பிடி குறைஞ்சிருக்கும். ஸ்பீடு குறையக் குறைய க்ராஸ்விண்ட் வளருது, உன் கன்ட்ரோல் சுருங்குது. அதனால வலது காத்துன்னா வலது வீல் முதல்ல, அப்புறம் இடது, அப்புறம் நோஸ், இந்த நேரம் முழுக்க யோக் வலது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டே போயி டாக்ஸி ஸ்பீடு வர்றப்போ முழுசா வலது பக்கம் போயிருக்கணும். நீ பாத்த அந்த பைலட் வீல் தொட்ட உடனே யோக்கை நடுவுக்கு கொண்டு வந்திருப்பாருன்னு தான் எனக்கு தோணுது, வலது விங் எழும்புச்சுன்னு நீ சொல்றது அதுக்கு ஒத்துப்போகுது. இன்னொண்ணும் நடக்கும், மூக்கு வலது பக்கம் திரும்பினதும் கார் ஓட்டற பழக்கத்துல யோக்கை இடது பக்கம் திருப்புவாங்க, அது காத்துப் பக்க விங்கை இன்னும் தூக்கி விட்டுடும். திசைக்கு கால், விங்குக்கு கை. இதை ஒரு கையும் ஒரு காலும் தனித்தனியா செய்யற அளவுக்கு பழகற வரைக்கும் பலமான காத்துல தனியா போகாத.

———

வால்சக்கரம் எழுதியது:

அக்கா சொன்னதுல எல்லாம் சரி, கடைசி வரில மட்டும் எனக்கு வேற கருத்து. நான் ஓட்டறது டெயில்வீல், அதாவது மூக்குல இல்லாம வால்ல சின்ன சக்கரம் இருக்கற விமானம். அதுல வெயிட்டு மெயின் வீலுக்கு பின்னாடி இருக்கறதால கொஞ்சம் திரும்பினா அதுவே மேல மேல திரும்பி க்ரவுண்ட் லூப்ல கொண்டு போயி விட்டுடும், நோஸ் வீல் விமானத்துல வெயிட்டு முன்னாடி இருக்கறதால தானா நேராகப் பாக்கும், அந்த சலுகையிலயே நெறைய பேர் கால் வேலையை கத்துக்காமலே லைசென்ஸ் வாங்கிடறாங்க. காத்து அடிக்கற நாள் எல்லாம் ஃப்ளைட் கேன்சல் பண்ணிட்டு சாயங்காலம் அமைதியானதும் போயி சர்க்யூட் அடிச்சா 200 மணி நேரம் வரும், க்ராஸ்விண்ட் வராது. நாளைக்கு க்ராஸ் கன்ட்ரி போற இடத்துல ஃபோர்காஸ்ட் பொய்யாகி 20 நாட் அடிச்சா என்ன பண்ணுவீங்க? காத்துல தான் பழகணும்.

———

மீனாட்சி_சிஎஃப்ஐ எழுதியது:

பழக வேண்டாம்னு நான் சொல்லல. தனியா போகாதன்னு தான் சொன்னேன். ரெண்டும் வேற.

———

ஹேங்கர்_ராஜா எழுதியது:

நான் ஏஎம்இ (விமான மெயின்டெனன்ஸ் இன்ஜினியர்), இந்தியால ஒரு ஃப்ளையிங் ஸ்கூல் மெயின்டெனன்ஸ்ல இருக்கேன். ஓட்டறவங்க பேசறது எல்லாம் படிச்சேன், விமானம் அதுக்கப்புறம் எங்ககிட்ட வர்ற நிலைமையை யாரும் எழுதலையேன்னு எழுதறேன்.

172ல நோஸ் கியர் ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகட்டுச் சுவர்) தான் போல்ட் ஆகி நிக்குது. நோஸ் வீல்ல ஓங்கி உக்காந்தா அந்த இடி நேரா ஃபயர்வாலுக்கு போகும், கீழ் பாகத்துல தகடு சுருங்கி மடிப்பு விழும். செஸ்னா 182ல இது ரொம்பவே பேர் போனது, மூக்கு கனம் ஜாஸ்தி. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, கவுலிங்கை கழட்டி டார்ச் அடிச்சு பாத்தா தான் மடிப்பு தெரியும், சில சமயம் ரட்டர் பெடல் இறுக்கமா இருக்குன்னு ஒரு ஸ்டூடண்ட் சொன்ன பிறகு தேடிப் போயி கண்டுபிடிக்கறது உண்டு. சாய்வா உக்காந்த விமானத்துக்கு டயர் ஓரத்துல தேய்மானம் இருக்கும், மெயின் கியர் மாட்டியிருக்கற இடத்துல ஸ்கின் நெளிஞ்சிருக்கும், ரிவிட் தலை சுத்தி கறுப்பா பொடி மாதிரி தெரியும். ஹார்ட் லேண்டிங்னு எழுதியிருந்தா இதையெல்லாம் நாங்க வரிசையா பாத்துடுவோம். எழுதலைன்னா அடுத்த நாள் காலைல இன்னொரு பொண்ணோ பையனோ அதே விமானத்தை எடுத்துட்டு தனியா மேல போவாங்க. தயவு செஞ்சு யாரும் திட்டுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க, 'கொஞ்சம் பலமா உக்காந்துச்சு, சாய்வா இருந்துச்சு'ன்னு ஸ்னாக்ல (கோளாறு எழுதற பதிவு) ஒரு வரி போதும்.

அடுத்தது ப்ராப். கரூர் தம்பி பாத்த விமானத்துல ப்ராப் மண்ணுல குத்திடுச்சுன்னா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலைன்னு யாரும் நினைக்கக் கூடாது. லைகமிங் இன்ஜின்ல ப்ராப் அடிபட்டா க்ராங்க்ஷாஃப்ட் பின்னாடி இருக்கற கியர், அதோட போல்ட், டவல் பின் எல்லாத்தையும் பிரிச்சு பாக்கணும்னு கட்டாய உத்தரவே இருக்கு. அந்த கியர் தான் மேக்னெட்டோவையும் கேம்ஷாஃப்டையும் ஓட்டுது, அது விட்டுப் போச்சுன்னா நடு வானத்துல இன்ஜின் நிக்கும். நுனி லேசா வளைஞ்சிருக்கு, நிமித்திட்டு போலாம்னு சொல்றவன் எந்த ஊர்ல இருந்தாலும் அவன் விமானத்துல ஏறாதீங்க.

———

ஓய்வு_இன்ஸ்ட்ரக்டர் எழுதியது:

கரூர் தம்பிக்கு. நான் சென்னையில ரொம்ப வருஷம் சொல்லிக் குடுத்தவன், இப்ப ரிட்டயர்டு. நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க.

சென்னையில மே, ஜூன் மாசத்துல காலைல மேற்குக் காத்து இருக்கும், மதியம் வாக்குல கடல் காத்து உள்ள நுழைஞ்சதும் காத்து அப்படியே கிழக்கு, தென்கிழக்குக்கு திரும்பிடும். மேல போகும்போது ஒரு காத்து, இறங்கும்போது வேற காத்து. மீனம்பாக்கத்துல 07/25, 12/30ன்னு ரெண்டு ரன்வே இருந்ததால சின்ன விமானத்துக்கு எது காத்துக்கு நேரா இருக்கோ அதைக் கேக்கலாம், அது பெரிய வரம். கோயம்புத்தூர்ல பாலக்காட்டு கணவாய்க் காத்து ஆடி மாசத்துல எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும், ஆனா அங்க ரன்வே 05/23 ஏறக்குறைய அந்தக் காத்தோட திசையிலயே கெடக்கறதால பலம் இருந்தாலும் பெரும்பாலும் எதிர்காத்தா தான் வரும். காத்து எவ்ளோ பலம்ங்கறதை விட ரன்வேக்கு எவ்ளோ குறுக்கேங்கறதை முதல்ல பாக்கணும்.

ரன்வே மாத்தறதைப் பத்தி ஒரு பெரிய விமானக் கதை. 2008 மார்ச் 1, ஹாம்பர்க்ல லுஃப்தான்ஸா ஏ320, எம்மா புயல் நேரம், ரன்வே 23ல இறங்கப் பாத்து இடது விங் நுனி ரன்வேல உரசிடுச்சு, வீடியோ நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. கோ-அரவுண்ட் (இறங்கறதை விட்டுட்டு பவர் குடுத்து திரும்ப மேல) போனாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் எங்க இறங்கினாங்க? அதே ஏர்போர்ட்ல ரன்வே 33ல. அங்க காத்து அவ்ளோ குறுக்கா இல்ல, முதல்லயே கேட்டிருக்கலாம். விசாரணையில இந்த 'டெமான்ஸ்ட்ரேட்டட்' க்ராஸ்விண்ட் விஷயமும் வந்துச்சு, அது லிமிட்டா வெறும் தகவலாங்கறதை பைலட்டுங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா எடுத்துக்கறாங்கன்னு. உங்க லாஞ்ச்ல நடந்த அதே வாதம் தான், ஏர்லைன்லயும்.

இன்னொண்ணு, ஏடிஸ்ல சொல்ற காத்து சென்சார் நிக்கற இடத்துக் காத்து. ரன்வே ஓரமா ஹேங்கர், மர வரிசை இருந்தா அதுக்குப் பின்னாடி காத்து செத்துக் கெடக்கும், தாண்டினதும் மொத்தமா வந்து மோதும். பைக்ல போகும்போது லாரியை ஓவர்டேக் பண்ணி முன்னாடி வந்த உடனே பக்கத்துல இருந்து காத்து ஒரு தள்ளு தள்ளுமே, அது தான். உங்க ஃபீல்டுல எந்த இடத்துல அந்த இடைவெளி இருக்குன்னு நடந்து போயாவது பாத்து வச்சுக்கோங்க. முடிஞ்சா அதைத் தாண்டி தொடற மாதிரி ப்ளான் பண்ணுங்க, ரன்வே நீளம் இருந்தா தான். விண்ட்சாக் (காத்து திசை காட்டற துணிக்குழாய்) ரெண்டு இருந்தா ரெண்டையும் பாருங்க, ரெண்டும் வேற வேற திசை காட்டினா இன்னைக்கு அங்க ரோட்டர் (காத்துச் சுழல்) இருக்கலாம். அமெரிக்க விண்ட்சாக் 15 நாட்லயே முழுசா நீட்டிடும், அதனால நேரா நீட்டி நிக்கறதைப் பாத்து 15ஆ 30ஆன்னு கண்டுபிடிக்க முடியாது.

கோ-அரவுண்ட் பத்தி கொஞ்சம் அழுத்தமா சொல்லணும். லேண்டிங் விபத்து எண்ணிக்கையில ஜாஸ்தி, ஆனா அதுல உயிர் போறது கம்மி, தகரம் தான் போகும். நான் படிச்ச ரிப்போர்ட்டுங்கள்ல உயிர் போனதுல நெறைய, பவுன்ஸ் ஆகி ஸ்பீடு செத்த பிறகு பதட்டத்துல முழு பவர் குடுத்து மூக்கு எழும்பி ஸ்டால் ஆனது. முழு ஃபிளாப்ல லேண்டிங்குக்கு ட்ரிம் பண்ணியிருக்கற 172ல த்ராட்டில் முழுசா தள்ளினா மூக்கு தானா மேல போகும், அதை கையால அழுத்திப் பிடிக்கணும். ஃபிளாப்பை உடனே 20க்கு கொண்டு வரணும், 60 நாட் வர்ற வரைக்கும் ஏறணும்னு அவசரப்படக் கூடாது. வலது கால் மறக்கவே கூடாது. அதுவும் இடது பக்கத்துக் காத்துன்னா, காத்தும் மூக்கை இடது பக்கம் இழுக்கும், ப்ரொப்பெல்லரும் இடது பக்கம் இழுக்கும், ரெண்டும் சேந்து வரும்போது காலை பாதி அழுத்தினா போதாது. அதனால கோ-அரவுண்ட் போறதா இருந்தா சீக்கிரம் போங்க, ஷார்ட் ஃபைனல்லயே (ரன்வேயை நெருங்கற கடைசி கட்டம்). முழு ரட்டர் குடுத்தும் மூக்கு சென்டர்லைனுக்கு நேரா வரலைன்னா அந்த ரன்வே இன்னைக்கு உங்களுக்கு இல்ல. பவுன்ஸ் ஒண்ணு பெருசா வந்துச்சுன்னா காப்பாத்தப் பாக்காதீங்க, அங்கயே பவர். ரெண்டாவது பவுன்ஸுக்கு அப்புறம் நல்லா முடிஞ்ச லேண்டிங்கை என் சர்வீஸ்ல நான் அபூர்வமா தான் பாத்தேன்.

———

கரூர்_சிறகு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உண்மையிலயே இவ்ளோ எதிர்பாக்கல. சார், எங்க ஃபீல்டுல 17/35 மட்டும் தான், வேற ரன்வே இல்ல. ரன்வே பாதியில மேற்குப் பக்கம் டி-ஹேங்கர் வரிசை முடியற இடம் ஒண்ணு இருக்கு, அந்த 172 புல்லுக்குள்ள இறங்கினது அதுக்கு கொஞ்சம் தள்ளி தான், இப்ப தான் யோசிக்கறேன். ராஜா அண்ணா, இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது தான் குத்துச்சு. அக்கா, வாரியர்லயும் இதே மாதிரி தானா? அடுத்த மாசம் எங்களுக்கு அதுவும் வருது. அப்புறம் காத்துல எப்படி பழகறதுன்னு சொல்லுங்க.

———

ஹேங்கர்_ராஜா எழுதியது:

ஓடிட்டு இருந்துச்சுன்னா கண்டிப்பா பிரிக்கணும். அந்த ஓனருக்கு யாராவது தெரிஞ்சா சொல்லிடுங்க.

———

மீனாட்சி_சிஎஃப்ஐ எழுதியது:

ஹேங்கர் வரிசை முடியற இடம்னு நீ சொன்னது முக்கியம், உன் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லு, மத்த ஸ்டூடண்ட்ஸுக்கும் தெரியணும்.

வாரியர்ல ஒரு வித்தியாசம். 172ல மேல இருக்கும்போது நோஸ் ஸ்ட்ரட் நீண்டு வீல் நேரா லாக் ஆகி நிக்கும், நீ ரட்டரை எவ்ளோ மிதிச்சிருந்தாலும் தொடும்போது வீல் நேரா தான் இருக்கும். பைப்பர்ல நோஸ் வீல் பெடலோட நேரடியா இணைஞ்சிருக்கு, இடது ரட்டர் மிதிச்சபடியே நோஸ் வீலை இறக்கினா அது இடது பக்கம் பாஞ்சிடும். அதனால நோஸ் வீல் தொடற அந்த நேரத்துல காலை நடுவுக்கு தளர்த்து, அய்லரானை மட்டும் விடாத. லோ விங்ங்கறதால காத்துப் பக்கத்து விங் நுனி தரைக்கு கிட்ட இருக்கும், ரொம்ப சாய்க்கவும் முடியாது.

பழகறதுக்கு நான் குடுக்கற வேலை இது. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல இருக்கணும், கஸ்ட் இல்லாம 10, 12 நாட் ஒரே சீரா குறுக்கே அடிக்கற நாள் பாத்து, நீளமான ரன்வே இருக்கற ஃபீல்டுக்கு போங்க. ஃபைனல்ல வந்து பத்து பதினஞ்சடி உயரத்துல கொஞ்சம் பவர் வச்சு, இறங்காம, ரன்வே மேலயே சென்டர்லைன் புடிச்சு பறக்கணும். கையால ட்ரிஃப்ட்டை நிறுத்து, காலால மூக்கை நேரா வை. முதல்ல சென்டர்லைன் மேல, அப்புறம் வேணும்னே இடது ஓரத்துக்கு போயி அங்க நிறுத்து, திரும்ப நடுவுக்கு வா, மூக்கு மட்டும் ரன்வே நேராவே இருக்கணும். முக்கால்வாசி ரன்வே தாண்டினதும் கோ-அரவுண்ட். இது நல்லா வந்ததும் காத்துப் பக்க வீலை மட்டும் லேசா தொட வை, அதுலயே ஓட விடு, மறுபடி மேல போ. கஸ்ட் இருக்கற நாளை அதுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்.

சோலோ க்ராஸ் கன்ட்ரி போற நாள்ல உன் ஃபீல்டுக்கு பக்கத்துல 20, 22 திசையில (200, 220 டிகிரி) ரன்வே இருக்கற ஏர்போர்ட் எதுன்னு சார்ட்ல வட்டம் போட்டு வச்சுக்கோ, அங்க போயி இறங்கற அளவுக்கு பெட்ரோல் இருக்கற மாதிரி திரும்பி வா. அங்க இறங்கிட்டு ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணினா யாராவது கார்ல வந்து கூட்டிட்டு போவாங்க.